எதிர்த்தரப்பின் காலை

1

இந்தக் கதையை நானாக ஆசைப்பட்டு எழுத உட்காரவில்லை. இது என் வக்கீலம்மா கொடுத்த வீட்டுப்பாடம். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுப்பாடமா என்று என் மகள் சிரித்தாள். சிரிக்கட்டும்.

எங்கள் பட்டறைத் தகராறு கோர்ட்டுப் படி ஏறுவதற்கு முன்னால் மத்தியஸ்தத்துக்குப் போகிறது. வியாழக்கிழமை காலை பத்து மணி. தயாராவது என்றால் ஆதாரங்களை அடுக்குவது என்று நினைத்துக்கொண்டு ஒரு பை நிறையக் காகிதங்களோடு வக்கீலம்மா எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர் பையைத் திறக்கவே இல்லை. மேஜை ஓரத்துக்கு நகர்த்திவைத்தார்.

"மத்தியஸ்தர் தீர்ப்பு சொல்ல மாட்டாருங்க. யார் சரி, யார் தப்புங்கறது அவர் வேலையே இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாதான் எதுவும் நடக்கும். பிடிக்கலைன்னா எழுந்து வந்துடலாம்."

"அப்போ அவர் எதுக்குங்க?"

"நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"அஞ்சு."

"அதுக்குத்தான்."

நான்கு தாள்கள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். முதல் தாளில், நான் என்ன கேட்கிறேன். இரண்டாவதில், அது எனக்கு எதற்காக வேண்டும். ("ரெண்டும் ஒண்ணு இல்லம்மா, எழுதிப் பாருங்க, தெரியும்.") மூன்றாவதில், பேச்சு முறிந்தால் நான் என்ன செய்வேன். நான்காவது, எதிர்த்தரப்பின் கதை, அதாவது என் தொழில் பங்காளியுடையது. அவன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

"அவன் கதையை நான் எதுக்குங்க எழுதணும்? அவனுக்கு வாய் இல்லையா?"

"இருக்கு. ஆனா அவர் பேசறதை அங்க வந்து முதல் தடவையா கேட்டீங்கன்னா கோபம்தான் வரும். கோபத்தை வீட்டிலேயே பட்டு முடிச்சுட்டு வாங்க."

நான்காவது தாள் இப்போது இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

2

எங்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு பக்கம்.

நாங்கள் செயற்கைக் கால் செய்கிறோம். (செய்கிறோமா, செய்தோமா என்பது வியாழக்கிழமை தெரியும்.) காலை இழந்தவர் வந்து உட்கார்ந்ததும், அவருடைய மிச்சக் காலில் பிளாஸ்டர் துணியைச் சுற்றி அச்சு எடுப்பது என் வேலை. எலும்பு எங்கே துருத்துகிறது, எங்கே அழுத்தினால் தாங்கும், எங்கே தாங்காது என்பதையெல்லாம் விரல்நுனியால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அச்சை வைத்து ஒரு கிண்ணம் வார்ப்போம். அந்தக் கிண்ணத்துக்குள்தான் அவர் நாள் முழுக்கக் காலை நுழைத்து வைத்திருப்பார். ஒரு நூல் பிசகினாலும் புண்.

காலைப் பொருத்தி நடக்கக் கற்றுக்கொடுப்பது அவன் வேலை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஆளை நிற்கவைத்து, தான் பின்பக்கமாக நடந்துகொண்டே "வாங்க, வாங்க, என் மூஞ்சியப் பாருங்க, தரையைப் பாக்காதீங்க" என்று கூப்பிடுவான். எல்லோரும் அவனை நடை வாத்தியார் என்பார்கள். என்னைவிட எட்டு வயது இளையவன். என்னை அக்கா என்பான். பதினான்கு வருஷமாகப் பட்டறையில் சரிபாதிப் பங்காளி.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு தச்சர் பட்டறைக்கு வந்து என் அலமாரியை அளந்தார். எதற்கு என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு மாத்தறீங்களாமே, அங்க வெக்கத்தான்" என்றார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தரைத்தளத்துக்குப் பட்டறையை மாற்ற, அங்குள்ள மேற்பார்வையாளர் ஒருவருக்குக் கீழே நாங்கள் வேலை செய்ய, நடை வாத்தியார் தனியாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். என் வேலைமேசையை எங்கே போடுவது என்பதுகூட முடிவாகியிருந்தது. எனக்கு மட்டும் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. வேன் வைத்து, அலமாரியில் இருந்த நூற்றுப்பன்னிரண்டு அச்சுகளையும் என் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து பூட்டினேன். அச்சு இல்லாமல் புதுக் கிண்ணம் வார்க்க முடியாது. அச்சுகளைத் திருப்பிக் கொடு என்று அவன் நோட்டீஸ் விட்டான். கையெழுத்தை ரத்து செய் என்று நான் பதில் நோட்டீஸ் விட்டேன். விஷயம் இவ்வளவுதான்.*

* இல்லை. ஆனால் இந்தப் பகுதியை எழுதியபோது இவ்வளவுதான் என்று நம்பினேன். அதனால் அழிக்கவில்லை.

3

முதல் தொடக்கம்:

"பெரிய ஆஸ்பத்திரியின் பெயருக்கு மயங்கி, பதினான்கு வருஷ உறவைத் தூக்கியெறிந்த ஒருவன், அன்று காலை—"

வேண்டாம். தன்னைத் துரோகி என்று எண்ணிக்கொண்டு எவன் பல் தேய்ப்பான்?

இரண்டாம் தொடக்கம்:

"நடை வாத்தியார் பாவம், சூதுவாது அறியாதவர். அன்று காலை அவர்—"

இது முதலாவதைவிட விஷம். கிண்டலை மரியாதைக்குள் சுருட்டிவைக்க எனக்கு நன்றாக வரும்; என் மகளைக் கேட்டால் சொல்வாள்.

மூன்றாம் தொடக்கம்:

"அன்று திங்கட்கிழமை. நடை வாத்தியார் எட்டரைக்குப் பட்டறைக் கதவைத் திறந்தார்."

இதில் திட்டும் இல்லை, கிண்டலும் இல்லை. 'அவன்' என்று நேரில் சொல்லிப் பழகிய ஆளை எழுத்தில் 'அவர்' என்று போட்டுப் பார்க்கிறேன். கை கூசவில்லை. இதிலேயே போகலாம்.

4

அன்று திங்கட்கிழமை. நடை வாத்தியார் எட்டரைக்குப் பட்டறைக் கதவைத் திறந்தார். வாசல் பெஞ்சில் பழைய வாடிக்கையாளரான தபால்காரர் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். [அவர் அன்று வந்தது நிஜம். பிற்பாடு காதில் விழுந்தது.] அவருடைய கிண்ணத்தின் விளிம்பில் விரிசல். புதிதாகத்தான் வார்க்க வேண்டும். "இருங்க, உங்க அச்சை எடுத்துட்டு வரேன்" என்று வாத்தியார் உள்ளறைக்குப் போய் விளக்கைப் போட்டார்.

தட்டுகள் எல்லாம் காலி. அச்சுகள் நின்ற இடத்தில் மட்டும் வட்டம் வட்டமாகத் தூசி இல்லை. தபால்காரருடைய முப்பத்தேழாம் எண்ணுக்கு எதிரே, கண்ணை நம்பாமல் கையை வைத்துப் பார்த்தார். திருட்டு என்றுதான் முதலில் நினைத்தார். பிறகுதான், தான் திறந்தபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது உறைத்தது. சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு.

வெளியே வந்து தபால்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன வாத்தியாரே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அக்கா அச்சையெல்லாம் எடுத்து வெச்சிருக்காங்க. சுத்தம் பண்ண."

[இந்தப் பொய்யை அவர் வாயில் வைத்தது நான். எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். என்னை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறவராக அவரை எழுதுவது என் வழக்குக்கு நல்லதில்லை. "அக்கா பண்ண வேலையைப் பாருங்க" என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். அது என் குரலில் இருந்தது.]

புதுக் கிண்ணம் முடியாது என்றானதும், இருக்கிற விரிசலுக்குப் பசை வைத்து ஒட்டினார். காய்ந்ததும் அரத்தை எடுத்து விளிம்பைத் தேய்த்தார், எப்போதும் போல, ஏனென்றால்—

ஏனென்றால்?

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. மூன்று நாள் காலை எழுந்து இந்த வாக்கியத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

அந்த அரம் எனக்குத் தெரியும். தச்சர் வந்ததற்கு முந்தைய ஏழு மாதங்கள், நான் சாயங்காலம் கிளம்பிய பிறகு அவர் தங்கி என் கிண்ணங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில் வந்தால் தரையில் தூள் கிடக்கும். நான் வார்த்ததை என் முதுகுக்குப் பின்னால் மாற்றுகிற திமிர் என்று நினைத்து, பெருக்கித் தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்தேன். நானாக இருந்து பார்க்கும்போது திமிர் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அவராக இருந்து பார்த்தால் போதவில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்த மனிதர், வெறும் திமிருக்காக ஏழு மாதம் சாயங்கால பஸ்ஸை விடுவாரா?

5

கதாசிரியர்கள் இந்த மாதிரி இடத்தில் கற்பனை செய்துகொள்வார்களாம். நான் பஸ் பிடித்துத் தபால் நிலையத்துக்குப் போனேன்.

தபால்காரர் பின்கட்டில் நின்று கடிதங்களைத் தெருவாரியாகப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் என் கதையைச் சரிபார்த்தேன்.

"அந்தத் திங்கக்கிழமை வாத்தியார் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"நீங்க ஊருக்குப் போயிருக்கீங்க, உள்ளறைச் சாவி உங்ககிட்ட இருக்குன்னாரு."

பொய்தான். நான் எழுதியதைவிட நல்ல பொய்.

"ஒட்டினதுக்கு அப்புறம் அரத்தால தேய்ச்சாரா?"

"தேய்ச்சாரு."

"என் கிண்ணத்தையெல்லாம் எதுக்கு இப்படித் தேய்க்கறாரு?"

அவர் கை நின்றது. பிறகு மறுபடி கடிதங்களைப் போட ஆரம்பித்தது. "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா."

"இன்னும் அஞ்சு நாள்ல அவர் முன்னாடி போய் உக்காரணும். தெரியாம உக்காந்தா, வாய்க்கு வந்ததைப் பேசிடுவேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, பேன்ட்டைச் சுருட்டி, காலைக் கழற்றினார். முழங்காலுக்குக் கீழே ஆறிய புண்ணின் தழும்பு, சட்டைப் பொத்தான் அளவுக்கு.

"நீங்க போன வருஷம் கொடுத்த கிண்ணம். மூணே நாள்ல புண்ணு. வாத்தியார் வந்து, தான்தான் காலைக் கோணலா பொருத்திட்டேன்னாரு. ஒரு மாசம் வீட்டுக்கே வந்து கட்டு மாத்தினாரு. நான் இருபது வருஷமா இதைப் போடறவன். பொருத்தினதுல தப்பா, கிண்ணத்துல தப்பான்னு எனக்குத் தெரியாதா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு. எனக்கு அப்புறம் நீங்க செஞ்சதெல்லாம், யாருக்கும் கொடுக்கறதுக்கு முன்னாடியே அவர் தேய்ச்சுச் சரி பண்ணிடறதா சொன்னாரு." காலை மாட்டிக்கொண்டு எழுந்தார். "நான் சொன்னதா சொல்லாதீங்க."*

* சொல்லிவிட்டேன். பிறகு அவரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன்.

6

இனி என்னைப் பற்றிய ஒரு வாக்கியம். இரண்டாம் பகுதியிலேயே வந்திருக்க வேண்டியது. நான்தான் விட்டுவிட்டேன்.

என் வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் ஒன்றரை வருஷமாக மரத்துப்போகின்றன. கத்தரிக்கோல் நழுவுகிறது. பிளாஸ்டரின் ஈரம் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். விரல் போனாலும் பழக்கம் இருக்கிறது, கை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை பார்த்துக்கொள்ளவில்லை. இன்னொருவருடைய அரம் பார்த்துக்கொண்டது.

ஆகவே கதையை அங்கிருந்து திரும்ப எழுத வேண்டும். இந்தக் காட்சி முழுக்க என் ஊகம்:

நடை வாத்தியார் வீட்டுக்கு வந்து சட்டையை உதறினார். தூள் பறந்தது. அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குமா?" என்றாள்.

"இன்னிக்கு ரெண்டு."

"அவங்ககிட்ட நேரா சொல்லிடுங்களேன். எத்தனை நாளைக்கு இப்படி?"

"என்னன்னு சொல்ல? அக்கா, உங்க கை போச்சு, உக்காருங்கன்னா? எனக்குப் பட்டறை வேலையே அவங்க கத்துக்கொடுத்தது."

"அதுக்குன்னு?"

"ஆஸ்பத்திரிக்குள்ள போயிட்டா ஒவ்வொரு கிண்ணத்தையும் இன்னொருத்தர் பாத்துத்தான் கொடுக்கணும். அங்க அது சட்டம். யாரும் யாரையும் குறை சொன்ன மாதிரி இருக்காது. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

எழுதி முடித்ததை ஆசையாக இரண்டு தடவை படித்தேன். உடனே உஷாரானேன். மூன்றாம் பகுதியில் அவரைத் துரோகியாக்கப் பார்த்தேன், இப்போது தெய்வமாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டுமே சோம்பேறித்தனம். அவர் என்னைக் காப்பாற்றினார், சரி. ஆனால் என் வாழ்க்கையை எந்தக் கட்டடத்தில் வைப்பது என்று என்னைக் கேட்காமல் முடிவு செய்தார். எனக்குத் தெரியாமலே போகும் என்று நம்பினார். என்னை ஒரு நோயாளியைப் போல நடத்தினார்; தன் நோயாளிகளைக்கூட அவர் அப்படி நடத்தியதில்லை. அவர்களிடம் "வலிக்கும், நடங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரிந்த வாய் அது.

கிண்ணத்தை மாட்டுகிறவர்கள் பக்கம் நின்று பார்த்தால், நாங்கள் இருவருமே ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

7

நான்கு தாள்களோடு மறுபடி வக்கீலம்மாவிடம் போனேன். முதல் மூன்றையும் அடித்துத் திருத்தியிருந்தேன்.

மூன்றாவது தாளில், பேச்சு முறிந்தால் என்ன என்பதற்கு நேராக, முன்பு பெரிய எழுத்தில் 'கோர்ட்' என்று எழுதியிருந்தேன். கோர்ட் என்றால் இரண்டு வருஷம் ஆகும் என்று அவர் முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தார். தாளைத் திருத்துவதற்கு முன் வீட்டு முன்னறையில் நின்று அதை யோசித்தேன். மனிதர்களின் கால் மெலியும், ஊதும், வளர்கிற பிள்ளைகளுக்கு நீளும். இரண்டு வருஷத்தில் இந்த அச்சுகளில் பாதி யார் காலுக்கும் பொருந்தாது. கையில் பிடித்துவைத்திருக்கிறேன் என்று நினைத்தது நாளுக்கு நாள் வெறும் பிளாஸ்டராக ஆகிக்கொண்டிருந்தது.

"அச்சையெல்லாம் புதன்கிழமையே பட்டறைக்குத் திருப்பிடறேன்" என்றேன்.

வக்கீலம்மா பேனாவை மூடினார். "பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியேவா? உங்க கையில இருக்கிற ஒரே பிடி அதுதாம்மா."

"அது என்னோடது இல்லைங்க. நூத்திப்பன்னெண்டு பேரோட கால்."

"சரி. கை விஷயம்? அதைச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. வேணும்னா மத்தியஸ்தர்கிட்ட தனியா இருக்கும்போது மட்டும் சொல்லலாம். நீங்க அனுமதி கொடுக்காம அவர் அதை அடுத்த ரூம்ல இருக்கிற எதிர்த்தரப்புக்குக் கொண்டு போக மாட்டார்."

"எல்லார் முன்னாடியும் சொல்றேன். முதல் பேச்சா அதைத்தான் சொல்லப்போறேன்."

"அங்க பேசினதைக் கோர்ட்ல எடுத்துக்காட்ட முடியாதுதான். ஆனா வாத்தியார் காதுல விழுந்தது விழுந்ததுதான். யோசிச்சுக்கங்க."

"அவருக்கு என்னைவிட முன்னாடியே தெரியுங்க."

வக்கீலம்மா முதல் தாளை எடுத்து, நான் என்ன கேட்கிறேன் என்பதைப் படித்தார். 'கையெழுத்தை ரத்து செய்ய வேண்டும்' என்பதை அடித்துவிட்டுக் கீழே எழுதியிருந்தேன்: 'ஆஸ்பத்திரியோ பட்டறையோ, எதுவானாலும் நானும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரியாமல் என்னை யாரும் காப்பாற்றக் கூடாது.'

"இதைத்தான் நான் ரெண்டாவது தாள்ல எதிர்பார்த்தேன்" என்றார். "பரவாயில்ல. முதல் தாளுக்கு வந்துடுச்சு."

புதன்கிழமை காலை நானும் மகளும் அச்சுகளை ஏற்றிக்கொண்டு போனோம். பட்டறையில் யாரும் இல்லை. எண் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கினோம். அன்று பிற்பகல் டாக்டரிடம் போனேன். பெயர் வைத்தார். ஆபரேஷன் செய்தால் ஓரளவு திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

8

முடிவுகளை யோசித்துப் பார்த்தேன்.

(அ) நான் கையைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அழுகிறார். நானும். மத்தியஸ்தர் கண்ணாடியைத் துடைக்கிறார். [இந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.]

(ஆ) நான் சொல்கிறேன். அவர் வக்கீல் உடனே, "அப்படின்னா இவங்க இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லைன்னு ஒத்துக்கறாங்க" என்கிறார். வாத்தியார் தலை குனிந்து— [இல்லை. குனிய மாட்டார். நிமிர்ந்து அந்த வக்கீலை—]

(இ) நான் அச்சு எடுக்காமல், அச்சு எடுப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் பாதி நாள் போகிறார். இருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. வக்கீலம்மா சொல்வதைப் பார்த்தால் நல்ல உடன்பாடு என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்குமாம்.

மூன்றும் என் கையெழுத்தில் இருப்பதுதான் குறை. வியாழக்கிழமைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும்.

9

இதை வியாழக்கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

உள்ளே நடந்ததைச் சொல்ல முடியாது. உள்ளே பேசுவதை வெளியே சொல்வதில்லை என்று எல்லோரும் முதலிலேயே கையெழுத்துப் போட்டோம். முடிவு எழுத வராத கதாசிரியருக்கு இதைவிட வசதியான சாக்கு கிடைக்காது, எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் நடைபாதை அந்தக் காகிதத்தில் இல்லை. அதனால் நடைபாதையைச் சொல்கிறேன்.

ஒன்பதே காலுக்கே போனேன். மூடிய கதவு, எதிரே ஒரு நீள பெஞ்சு. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பழக்க தோஷம்.

"அச்சைப் பாத்தேங்க்கா" என்றார். ஐந்து மாதத்தில் முதல் பேச்சு.

"எல்லாம் இருக்கா?"

"ரெண்டு இடம் மாறியிருந்துச்சு. மாத்தி வெச்சுட்டேன்."

பெஞ்சில் ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தேன். இந்தப் பக்கங்கள் பையில் இருந்தன. காட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒன்று புரிந்தது. சரியாக எழுதியிருக்கிறேனா என்று சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும். அவர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

"இந்தா, படி. நீதான் இதுல வர்ற ஆளு. தப்பா இருந்தா திருத்து."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நிதானமாகப் படிக்கிறவர். முதல் தொடக்கத்தில் மூக்கை உறிஞ்சினார். தபால்காரர் வந்த இடத்தில், "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டாரு" என்று முணுமுணுத்தார். மனைவி பேசும் காட்சியில், "இவ்வளவு மெதுவாவா பேசுவா?" என்றார். பிறகு என் விரல்கள் வரும் பக்கத்துக்குத் திரும்பிப் போய் இரண்டாம் தடவை படித்தார். என் கையை அவர் பார்க்கவில்லை. நானாக அதை மடியிலிருந்து எடுத்து, அவர் பார்க்கும்படி பெஞ்சின் மேல் வைத்தேன்.

"பேனா இருக்கா?" என்றார்.

கொடுத்தேன். ஆறாம் பகுதியின் ஓரத்தில், நான் அவரைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், எதையும் அடிக்காமல் எழுதினார். எழுதிவிட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கு உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். ரெண்டு தடவை மணியில கை வெச்சேன். அடிக்கல. அது என் தப்பு."

இது என் எந்த ஊகத்திலும் இல்லை. எத்தனை தொடக்கம் எழுதியிருந்தாலும் வந்திருக்காது.

கதவு திறந்தது. மத்தியஸ்தர் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் தயாரா?" என்று கேட்டார்.

நாங்கள் எழுந்தோம். உள்ளே யார் முதலில் பேசினார்கள் என்பதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. உங்களுக்கு எந்தக் காகிதமும் தடையில்லை. நாற்காலிகள் போட்டிருக்கின்றன. இருவரையும் இவ்வளவு தூரம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் பேசவைத்துப் பாருங்கள்; அவர் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.